ஒரே தண்ணீர், இரண்டு நகரங்கள்: பொங்கோலா, செங்காங்கா?



தண்ணீர் ஓரமாக ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை நம்மவர்களுக்குப் புதியதல்ல. காவிரிக் கரையிலும் வைகைக் கரையிலும் ஊர் அமைத்து வாழ்ந்தவர்களின் வழி வந்தவர்கள் நாம். இந்தச் சிங்கப்பூரிலும் நம் சிராங்கூன் சாலை வளர்ந்ததற்குத் தண்ணீர் ஒரு காரணம். ரோச்சோர் ஆற்றையொட்டி நீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால்தான் அங்கே மாட்டு வணிகம் செழித்தது. எருமைத் தொழுவம் என்ற பொருளில் 'கண்டாங் கெர்பாவ்' என்ற பெயரும் நிலைத்தது.

இன்று நடுத்தர வருமானக் குடும்பம் ஒன்று நீர்முகப்பு வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் இரண்டு ஊர்களில் வந்து நிற்கிறது. ஒன்று பொங்கோல். மற்றொன்று அதன் பக்கத்து நகரமான செங்காங். இரண்டும் வடகிழக்கு ரயில்பாதையில் அடுத்தடுத்த நிலையங்கள். லிட்டில் இந்தியாவில் ஏறினால் ஒன்பதாவது நிலையம் செங்காங், பத்தாவது பொங்கோல். நடுவே எல்லைக்கோடு போல ஓடுவது தெம்பனிஸ் விரைவுச்சாலை. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா என்பதுதான் இன்று நம் முன்னே உள்ள கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புளோக்கைப் பார்த்து முடிவெடுங்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

தண்ணீர் ஒன்றுதான்

பொங்கோலில்தான் தண்ணீர் இருக்கிறது, செங்காங்கில் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேற்கே பொங்கோல் ஆறு, கிழக்கே சிராங்கூன் ஆறு. இரண்டுமே முதலில் செங்காங்கின் ஓரமாக வந்து, பிறகுதான் பொங்கோலைத் தொட்டு வடக்கே ஜோகூர் நீரிணையை நோக்கிப் போகின்றன. முகத்துவாரங்களில் அணை கட்டி, கடல்நீரைத் தடுத்து, 2011ஆம் ஆண்டில் இவ்விரு ஆறுகளையும் நன்னீர்த் தேக்கங்களாக்கினார்கள். பொங்கோல் நீர்த்தேக்கம், சிராங்கூன் நீர்த்தேக்கம் என்று நாம் சொல்வது இவற்றைத்தான்.

பொங்கோலுக்கு என்று தனியாக இருப்பது, இந்த இரண்டு தேக்கங்களையும் இணைக்க வெட்டப்பட்ட பொங்கோல் நீர்வழி. நீளம் 4.2 கிலோமீட்டர். 2011 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் கரையில் படிக்கட்டு வயல்களைப் போல அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட வீவக வீடுகளைப் பார்த்து வெளிநாட்டவரும் வியக்கிறார்கள். பல நாடுகளில் நீர்முகப்பு என்றால் பணக்காரர் வீட்டுச் சொத்து. நம் செந்தோசா கோவிலும் அப்படித்தான். அரசாங்க வீடுகளை நீர்க்கரையில் கட்டிச் சாதாரணக் குடும்பங்களுக்கு விற்றது பொங்கோலின் சிறப்பு.

செங்காங்கிலும் குறைவில்லை. ஆங்கர்வேல் வட்டாரத்தில் ஆற்றோரப் பூங்காவும், 2010ல் அமைந்த மிதக்கும் ஈரநிலமும் இருக்கின்றன. கிழக்கே ரிவர்வேல் வட்டாரம் சிராங்கூன் ஆற்றை ஒட்டியிருக்கிறது. ஆக, தண்ணீருக்காகப் பொங்கோல் என்பது பாதி உண்மை மட்டுமே.

சென்னையில் 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு ஆற்றங்கரை வீடு என்றாலே ஓர் அச்சம் வரும். இங்கே நிலைமை வேறு. நீர்மட்டத்தை அணை கட்டுப்படுத்துகிறது. கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வருவதில்லை. நீண்டகாலக் கவலை கடல்மட்டம்தான். அதற்கான கரையோரப் பாதுகாப்புப் பொறுப்பு 2020 முதல் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அது தீவு முழுமைக்கும் உரிய பிரச்சினை. பொங்கோலையும் செங்காங்கையும் தரம் பிரிக்க அது உதவாது.

வயதில்தான் வித்தியாசம்

இரண்டு நகரங்களையும் உண்மையில் பிரிப்பது வயது. செங்காங்கில் 1990களின் பிற்பகுதியிலேயே மக்கள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். பொங்கோலின் கதை அப்படியல்ல. பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் கடலுணவுக் கடைகளும் இருந்த அந்த இடத்துக்கு 'பொங்கோல் 21' என்ற திட்டத்தை 1996ல் அன்றைய பிரதமர் திரு கோ சோக் டோங் அறிவித்தார். மறு ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி வந்தது. கட்டுமானம் தேங்கியது. 2007ல் பிரதமர் திரு லீ சியன் லூங் புதுப்பித்த திட்டத்தை அறிவித்த பிறகுதான் பொங்கோல் வேகமெடுத்தது. அதனால் நீர்வழியை ஒட்டிய வீடுகளில் பெரும்பாலானவை 2010க்குப் பிறகு கட்டப்பட்டவை.

இது வெறும் வரலாறு அல்ல. உங்கள் பணப்பையைத் தொடும் விஷயம். வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. 2019 மே மாதம் முதல் நடப்பில் உள்ள விதி என்ன? வீட்டை வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை மீதமிருந்தால்தான் மத்திய சேமநிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் அளவு குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000ல் குத்தகை தொடங்கிய ஒரு செங்காங் வீட்டை நீங்கள் வாங்கி, 2045ல் விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மிச்சம் 54 ஆண்டு. வாங்க வருபவருக்கு வயது 30 என்றால், 30ம் 54ம் சேர்ந்து 84. 95ஐ எட்டவில்லை. அவரால் சேமநிதியை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. கையிலிருந்து கூடுதலாகப் பணம் போட வேண்டும். அதனால் உங்களிடம் விலை குறைத்துக் கேட்பார். அதே 2045ல், 2015ல் குத்தகை தொடங்கிய பொங்கோல் வீட்டில் 69 ஆண்டு மிச்சமிருக்கும். 30ம் 69ம் 99. தடையில்லை.

அப்படியானால் பொங்கோல்தான் சிறந்ததா என்று அவசரப்படாதீர்கள். செங்காங்கிலும் ஃபெர்ன்வேல், ஆங்கர்வேல் பகுதிகளில் புதிய வீடுகள் உண்டு. பொங்கோலிலும் 2000களின் தொடக்கத்தில் கட்டிய பழைய புளோக்குகள் உண்டு. கடைசிவரை அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறேன், விற்கும் எண்ணமில்லை என்பவருக்குக் குறைந்த குத்தகை ஒரு குறையே அல்ல. அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆகவே முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "குத்தகை எந்த ஆண்டு தொடங்கியது?" என்பதுதான்.

ரயில் பக்கமா, நடை தூரமா?

செங்காங்குக்கும் பொங்கோலுக்கும் ரயிலில் வித்தியாசம் ஒரு நிலையம், இரண்டு மூன்று நிமிடம். இதற்காக யாரும் ஊரை மாற்ற வேண்டியதில்லை. உண்மையான நேரம் கழிவது, வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையம்வரை. நீரோர வீடுகள் இயல்பாகவே நகரின் ஓரத்தில் இருக்கும். பெருவிரைவு ரயில் நிலையம் நகரின் நடுவில் இருக்கும். இடையில் இலகு ரயில் பிடித்தாக வேண்டும். காலை ஏழரை மணிக்கு அந்த இலகு ரயிலில் ஏற முடிகிறதா, இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் இடம் கிடைக்கிறதா என்பதை நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு பார்த்துவிட்டு, "எல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது" என்று சொல்லக்கூடாது. வேலை நாளில், வேலைக்குப் போகும் நேரத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

வருங்காலத்தையும் கணக்கில் கொள்ளலாம். பொங்கோல் கோஸ்ட் நிலையம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன் அருகே மின்னிலக்க வட்டாரமும் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் அமைந்துள்ளன. குறுக்குத் தீவு ரயில்பாதையின் கிளை 2032ல் பொங்கோலை அடையும் என்பது திட்டம். வந்துவிட்டால் பாசிர் ரிஸ் பக்கம் போவது எளிதாகும். செங்காங் மேற்குப் பகுதிக்குப் பயன்தரக்கூடிய சிலேத்தார் பாதை பற்றி 2025ல் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அது இன்னும் ஆய்வு நிலையில் தொடங்கிய யோசனைதான். ஆய்வில் இருக்கும் பாதைக்கு இன்றே விலை கொடுக்க வேண்டாம். செங்காங் வாசிகளுக்கு 2006ல் திறந்த புவாங்கோக் நிலையத்தின் கதை நினைவிருக்கும். கட்டி முடித்தும் திறக்கப்படாமல் அது ஆண்டுக்கணக்கில் கிடந்தது. வெள்ளை யானைப் படங்கள் வைத்துக் கேலி செய்யும் அளவுக்குப் போனது.

வெயில், காற்று, பூச்சி

நீர்முகப்பு வீட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பதே சன்னலைத் திறந்து தண்ணீரைப் பார்க்கத்தான். பிற்பகலில் வெயில் தாங்காமல் திரையை இழுத்து மூடிவிட்டால் அந்தக் கூடுதல் விலை வீண். பொங்கோல் ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள ஆங்கர்வேலிலிருந்து ஆற்றைப் பார்த்தால் மேற்கு வெயில் முகத்தில் அடிக்கும். எதிர்க்கரையான ஃபெர்ன்வேலிலிருந்து அதே ஆற்றைப் பார்த்தால் காலை வெயில். ரிவர்வேலிலிருந்து சிராங்கூன் ஆற்றைப் பார்ப்பதும் கிழக்குதான். பொங்கோல் நீர்வழியோ ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவதால், அதைப் பார்த்த வீடுகள் பெரும்பாலும் வடக்கு அல்லது தெற்கு நோக்கி இருக்கும். வெயில் தொல்லை குறைவு. வீடு பார்க்கப் போகும்போது பிற்பகல் நான்கு மணிக்குப் போவது நல்லது.

பொங்கோலின் வட கோடிக்குக் கடல் மிக அருகில். எதிரே தெரிவது ஜோகூரின் பாசிர் கூடாங் தொழிற்பேட்டை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் சில நாள்களில் ரசாயன வாடை வந்ததாகக் குடியிருப்பாளர்கள் புகார் சொன்னதுண்டு. 2017 ஜனவரியில் பாசிர் கூடாங் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, பொங்கோல், கோனி தீவுக் கரைகளிலும் அது படிந்தது. இவை அடிக்கடி நடப்பவையல்ல. என்றாலும் கடலோரம் என்ற சொல்லுக்குள் இதுவும் அடங்கும் என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

"தண்ணீர் பக்கம் போனால் கொசு பிய்த்துவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சிறிய நீரில்தான் அதிகம் வளர்கிறது. பூச்சட்டியும் வாளியும்தான் அதற்கு வசதி. மீன்கள் உலவும் பெரிய நீர்த்தேக்கம் அதற்கு உகந்த இடமல்ல. நீர்த்தேக்கத்தோரம் எதிர்பார்க்க வேண்டியது வேறொரு சிறு பூச்சி. கொசு போலவே இருக்கும், ஆனால் கடிக்காது. தேக்கத்தின் அடிச்சேற்றில் வளர்ந்து, இரவில் விளக்கைத் தேடிக் கூட்டமாக வரும். பிடோக், பாண்டான் நீர்த்தேக்கங்களைச் சுற்றி வசிப்பவர்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். எந்த மாடி, எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத் தொல்லை கூடும், குறையும். அதே புளோக்கில் இருப்பவரிடம் மின்தூக்கியில் பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

எதிரே உள்ள காலி நிலம்

வீட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே பச்சைப் புல்வெளி ஒன்று இருந்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அது பூங்காவா, வருங்காலப் புளோக்கா? நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டத்தை இணையத்தில் எவரும் பார்க்கலாம். எந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டது, எத்தனை அடர்த்தியாகக் கட்டலாம் என்பது அதில் வண்ணமிட்டுக் காட்டப்பட்டிருக்கும். இந்தத் திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. வீட்டுக்குப் பணம் கொடுத்தால் அந்த வீடு நமக்குச் சொந்தம். சன்னலுக்கு வெளியே உள்ள காட்சி நமக்குச் சொந்தமல்ல.

நம்மவர்கள் மறக்கக்கூடாத விகிதம்

இதுவரை சொன்னவை எல்லா இனத்தவருக்கும் பொது. இனிச் சொல்லப்போவது இந்தியக் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது.

இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ல் வந்தது. இந்தியர் மற்றும் இதர இனத்தவருக்கான உச்சவரம்பு, 2010 மார்ச் முதல் ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. சீனருக்கு 84, 87. மலாய்க்காரருக்கு 22, 25. வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில் ஓர் இந்தியர் வாங்க விரும்பினால், விற்பவரும் அதே பிரிவினராக இருக்க வேண்டும். மனத்துக்குப் பிடித்த வீடு கிடைத்து, விலையும் பேசி முடித்த பிறகு "இந்தியர் விகிதம் முடிந்துவிட்டது" என்று தெரிந்து திரும்பியவர்கள் பலர்.

வாங்குவதில் உள்ள சிக்கலாவது உடனே தெரிந்துவிடும். விற்பதில் உள்ள சிக்கல் பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். நீங்கள் வாங்கிய புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டால், உங்கள் வீட்டை ஒரு சீனருக்கு விற்க முடியாது. சிங்கப்பூரில் வாங்குவோரில் பெரும்பான்மையினர் அவர்கள். அவர்களை விட்டுவிட்டால், மிஞ்சுவது சிறிய வட்டம். வீடு விற்கக் காலதாமதம் ஆகும், விலையும் குறையலாம். இப்படி நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைத் தகுதி பார்த்துக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022ல் வந்தது. ஆனால் அது கடைசி வழி.

எனவே ஒரு புளோக்கைப் பிடித்துவிட்டது என்றால், அதன் இன விகித நிலவரத்தை வீவக இணையத்தளத்தில் அன்றே பாருங்கள். பக்கத்துப் புளோக்கில் நிலைமை வேறாக இருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, பொங்கோலில் கிடைக்காததைச் செங்காங்கில் தேட வேண்டி வரலாம்.

நிரந்தரவாசிகளுக்கு இன்னும் சில விதிகள் உண்டு. கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள் என்றால் மறுவிற்பனை வீடு மட்டுமே வாங்கலாம். அதுவும் அந்தத் தகுதி பெற்று மூன்றாண்டு முடிந்த பிறகுதான். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குப் பேட்டையில் 5, புளோக்கில் 8 விழுக்காடு என்ற தனி வரம்பும் இருக்கிறது.

புதிய வீடா, மறுவிற்பனையா?

புதிய வீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் புதிய வீடுகள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. சாதாரண வகை வீட்டில் குறைந்தது ஐந்தாண்டு குடியிருந்தால் விற்கலாம். வசதியான இடங்களில் வரும் மற்ற இரண்டு வகைகளில் பத்தாண்டு குடியிருக்க வேண்டும். விற்கும்போது மானியத்தில் ஒரு பகுதியைக் கழகம் திரும்பப் பெறும். வீடு முழுவதையும் வாடகைக்கு விட முடியாது. ரயில் நிலையமும் நீர்க்கரையும் சேர்ந்த இடம் என்றால், அது எந்த வகை என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

மறுவிற்பனை வீடு வாங்குவோருக்குப் பெற்றோர் ஒரு வரம். தகுதியுள்ள குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வசிக்க வாங்கினால் 30,000 வெள்ளி மானியம். நான்கு கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி. செங்காங்கில் தாத்தா பாட்டி இருந்தால், பொங்கோலின் பல புளோக்குகளும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். எல்லைக்கு வெளியே போய்விட்டால் இருபதாயிரம் வெள்ளி போனது மட்டுமல்ல, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சாதம் போட ஆளும் இல்லை.

அன்றாட வாழ்க்கை

செங்காங் பொது மருத்துவமனை 2018 முதல் இயங்குகிறது. நெஞ்சுவலி, நீரிழிவு என்று அடிக்கடி மருத்துவரைப் பார்க்கும் மூத்தோர் உள்ள வீட்டுக்கு இது பெரிய ஆறுதல். பொங்கோலில் பலதுறை மருந்தகம் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குச் செங்காங்தான் வர வேண்டும். ரிவர்வேல் கிரசெண்டில் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயம் இருக்கிறது. கம்பஸ்வேலில் அல் மவத்தா பள்ளிவாசல், பொங்கோலில் அல் இஸ்லா பள்ளிவாசல், செங்காங்கில் புனித அன்னம்மாள் தேவாலயம் ஆகியவை இருக்கின்றன. எந்த ஊரில் வாங்கினாலும் மற்ற ஊரில் உள்ளது தொலைவில் இல்லை.

பிள்ளையின் பள்ளியைப் பொறுத்தவரை, பள்ளியிலேயே தமிழ் கற்பிக்கப்படுகிறதா, இல்லை தமிழுக்காக வேறு இடத்துக்குப் போக வேண்டுமா என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய நகரங்களில் பள்ளிகள் நிறைய இருக்கின்றன என்பதால் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

யாருக்கு எது?

மொத்தத்தில் என் கருத்து இதுதான். இளம் தம்பதியர், பின்னாளில் விற்று வேறு வீட்டுக்கு மாறும் எண்ணம் உடையவர்கள், நீண்ட குத்தகையுள்ள வீட்டைத் தேட வேண்டும். பொங்கோலில் அப்படிப்பட்டவை கூடுதலாகக் கிடைக்கும். மூத்தோர் உள்ள குடும்பம், இதுவே கடைசி வீடு என்று நினைப்பவர்கள், மருத்துவமனைக்கு அருகே செங்காங்கில் ஆற்றோரம் பார்க்கலாம். கையில் உள்ள பணம் மட்டுமே கணக்கு என்பவர்கள், ஆற்றை நேராகப் பார்க்கும் வீட்டை விட்டுவிட்டு, ஆற்றுக்கு ஐந்து நிமிட நடையில் உள்ள வீட்டை வாங்கலாம். பூங்காவும் நடைபாதையும் எல்லாருக்கும் பொது. காலையில் நடக்கப் போகும்போது, எந்த மாடியிலிருந்து வந்தீர்கள் என்று தண்ணீர் கேட்பதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஆழம் என்பது தண்ணீரின் ஆழமல்ல. குத்தகை எத்தனை ஆண்டு, இன விகிதம் என்ன நிலை, எதிர் நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டது, வாசலிலிருந்து ரயில்வரை எத்தனை நிமிடம் என்ற நான்கு கேள்விகள்தான் அந்த ஆழம். ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, பார்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே விடையை நிரப்புங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தால், பொங்கோலா செங்காங்கா என்ற கேள்விக்கு உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற பதில் அந்தத் தாளிலேயே இருக்கும்.